லாம்டாவுக்கு எந்த ஊர்?

1

என் மேலதிகாரி கார்வர் என்னை 'வீரா' என்று கூப்பிடுகிறான். வீரராகவன் என் அப்பாவின் பெயர். என் பெயர் ராஜகோபாலன். ஏழு வருஷத்துக்கு முன் விமான நிலையத்துக் குடியேற்றக் கவுன்டரில் இருந்தவனுக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டியிருந்தது. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னான். அன்றிலிருந்து வங்கி, ஆஸ்பத்திரி, பையனின் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் நான் என் அப்பாவாகிவிட்டேன். திருவள்ளூரில் அப்பா பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவோம். இங்கே ஒருவன் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து அதைக் கத்துகிறான்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் எழுதினாலே குறை சொல்கிறேன் என்று வருத்தம். 'கார் வைத்திருக்கிறாய், வீட்டுக்குள் வெந்நீர் வருகிறது, இன்னும் என்ன?' என்று ஒரு சித்தப்பா எழுதியிருந்தார். வெந்நீர் வருகிறது, சித்தப்பா. அந்தக் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுக்க ஒரு மண்வெட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்த முறை குறை சொல்ல நல்ல காரணமே இருக்கிறது. எங்கள் தங்கும் அனுமதி இந்தக் கோடையோடு முடிவதாக இருந்தது. நிரந்தரமாக இருக்க வேண்டுமென்றால் 'இந்த ஆள் எங்களுக்குத் தேவை' என்று கார்வர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு கூத்துக்குப் பிறகு அவன் பேனாவைத் திறக்க மறுத்துவிட்டான். நான் செய்யாத தப்பை நான் செய்தேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னால்தான் திறப்பேன் என்றான்.

2

கூத்தைச் சொல்வதற்கு முன் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கணிப்பொறி இருக்கிறது. எங்கள் திருவள்ளூர் வீட்டைவிட அதன் அறை பெரிது, குளிரூட்டியும் உண்டு. அதற்கு என்ன செய்ய வேண்டுமென்று எழுதிக் கொடுப்பது என் வேலை. லிஸ்ப் என்று ஒரு பாஷையில் எழுதுகிறேன். எங்கே பார்த்தாலும் அடைப்புக்குறி. ஒரு அடைப்பை மூட மறந்தால் அரை நாள் போய்விடும்.

சாதாரணமாக ஒரு வேலையைக் கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அதற்கு ஒரு பெயர் வைப்போம். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து செய்யும். ஆனால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இடத்தில் தேவைப்படுகிற சின்ன வேலைக்கு எதற்குப் பெயர்? அதற்குத்தான் லாம்டா. கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். அதை எழுதி, 'ஏதோ ஒன்று வரும், அதை எக்ஸ் என்று வைத்துக்கொள், அதை இரண்டால் பெருக்கு' என்று சொன்னால் போதும். வேலை உண்டு, பெயர் கிடையாது. அதை அப்படியே தூக்கி இன்னொரு வேலையின் கையில் கொடுக்கலாம். அது ஒரு பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் இதனிடம் அனுப்பி விடையை வாங்கிக்கொள்ளும்.

எக்ஸ் என்பது வெறும் காலி இடம். அதை ஒய் என்று எழுதினாலும் விடை மாறாது. இது புரியாமல் இங்கே மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு நாளில் புரிந்தது. காரணம் மூளை இல்லை, அப்பாவின் தொழில்.

3

அப்பா வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தங்கரையில் அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணம் பண்ணிவைப்பவர். அறுபதுகளில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வரை, அமாவாசையன்று தர்ப்பைக் கட்டும் எள்ளும் சுமந்துகொண்டு அவர் பின்னால் போக வேண்டும். எனக்கு அது அறவே பிடிக்காது. சேறு, கூட்டம், வேர்வை, குளத்தில் கரைத்த வெல்லத்தின் வாடை. படிக்கட்டில் வரிசையாகப் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து அப்பா ஒரே மூச்சில் எல்லோருக்கும் சொல்வார். மந்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "கோத்திரத்தைச் சொல்லிக்கோ, அப்பா பேரைச் சொல்லிக்கோ" என்பார். அந்தக் காலி இடத்தில் அவரவர் அப்பாவைப் போட்டுக்கொள்ள வேண்டும். கோத்திரம் தெரியாதவனுக்குக் காசியப கோத்திரம்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து செங்கல் லாரி ஓட்டுகிறவர் ஒருவர் முதல் தடவையாக வந்திருந்தார். அப்பா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். "அப்பா பேரைச் சொல்லிக்கோ" என்று அப்பா சொன்னதும் அவரும் கணீரென்று, "அப்பா பேரைச் சொல்லிக்கோ" என்றார்.

"யோவ், உங்க அப்பா பேரைச் சொல்லுய்யா."

"எங்க நைனா பேரா? அது உங்களுக்கு எதுக்கு சாமி?"

"எனக்கில்லே. தண்ணி அவருக்குப் போக வேண்டாமா?"

அவர் யோசித்தார். "நைனாக்கு ரெண்டு பேரு சாமி. ஊட்டுல ஒண்ணு, வெளிய ஒண்ணு வச்சிகினு இருந்தாரு. இன்னா சொல்றது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "ஆத்துல உங்க பாட்டி எப்படிக் கூப்பிட்டாளோ அதைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். வெயில் ஏறுவதற்குள் இன்னும் நாலு வரிசை பாக்கி இருந்தது.

ஆகவே காலி இடம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அதே மந்திரத்தின் தொடக்கத்தில் சங்கல்பம் என்று இன்னொரு சங்கதி இருக்கிறது. எந்த வருஷம், எந்த மாசம், எந்தத் திதி, எந்தக் கண்டம் என்று செய்கிற இடத்தையும் நேரத்தையும் சொல்லி ஆரம்பிப்பது. அதை யாரும் தனியாக நிரப்ப வேண்டியதில்லை, அப்பாவே சொல்லிவிடுவார். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்தது ஒரே குளத்தின் படிக்கட்டு, கேட்க என்ன இருக்கிறது.

4

இப்போது கூத்து. ஒரு ரயில் கம்பெனி எங்கள் துறைக்கு நிதி தருகிறது. சரக்கு வண்டிப் பெட்டிகளின் எடையைக் கணக்கிட்டு எதை எங்கே கோக்கலாம் என்று கணிப்பொறியே சொல்ல வேண்டும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கொடுக்கும் பகுதியை கார்வர் எழுதினான். பெட்டிக்கு என்ன செய்வது என்பதை நான் ஒரு லாம்டாவாக எழுதினேன். 'வருகிற எடையை என்-னால் பெருக்கு.' 'என்' என்கிற ஆங்கில எழுத்து நான் முன்னாலேயே என் பகுதியில் குறித்து வைத்த ஒரு விகிதம். காலி இடமல்ல, வெளியிலிருந்து வர வேண்டிய மதிப்பு.

கார்வரும் தன் பகுதியில் என் என்ற அதே எழுத்தை வைத்திருந்தான். இன்னும் எத்தனை பெட்டி பாக்கி என்று எண்ணுவதற்கு. நாங்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கக் கூடாது. ஆனால் அவன் கட்டிய லிஸ்ப்பில் ஒரு விதி. என்னுடைய லாம்டா அவன் பகுதிக்குள் போய் நின்று 'என் எவ்வளவு?' என்று கேட்டால், எழுதிய இடத்தில் என்ன இருந்தது என்று அது பார்க்காது. நிற்கிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அவனுடைய 'என்' ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் பூஜ்யம் ஆனது. ரயில்காரர்கள் எதிரில் டெலிடைப் என்கிற தட்டச்சு இயந்திரம் கடகடவென்று அடித்துக் காட்டியது: இரும்புக் கட்டி ஏற்றிய கடைசிப் பெட்டிக்கு எடையே இல்லை.

அவர்கள் சிரித்தார்கள். கார்வரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினான்.

அவர்கள் போன பிறகு அவன் அறைக்குப் போய்ப் பலகையில் எழுதிக் காட்டினேன். பார்த்தான். புரியாத ஆள் இல்லை அவன், அதுதான் எனக்கு எரிச்சல்.

"வேறு எழுத்து வைத்திருக்கலாமே, வீரா. யாரும் வைக்காத பெயராகப் பார்த்து வைக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்."

"எழுத்து என் இஷ்டம். நான் எழுதிய இடத்தில் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. இன்னொரு இடத்துக்குப் போனதும் அது மாறினால் தப்பு விதியில் இருக்கிறது."

"விதி எளிமையானது. வேகமாக ஓடும். எங்கே இருக்கிறாயோ அந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள். இதில் என்ன கஷ்டம்?"

லாம்டாவைத்தான் சொன்னான். என்னைச் சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது. அடுத்த மாதம் ரயில்காரர்கள் மறுபடி வருவார்கள், அப்போது கவனக்குறைவு உன்னுடையது என்று எழுந்து நின்று சொல்லிவிடு, மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன் என்றான். மேஜைமேல் அந்தக் காகிதம் கிடந்தது. அதன் மேல் அவன் காப்பிக் கோப்பையை வைத்திருந்தான்.

5

என் மனைவி பங்கஜத்துக்கு லாம்டா வேண்டாம். அவள் சொன்னது இவ்வளவுதான்: "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கோளேன். வாய் தேஞ்சா போயிடும்? ஊருக்குத் திரும்பிப்போய் என்ன பண்ணப்போறேள்? திருவள்ளூர்ல யார் கம்ப்யூட்டர் வச்சிண்டிருக்கா?"

"கும்மிடிப்பூண்டியில ஃபாக்டரி மேல ஃபாக்டரியா வரதாம். சம்பத் எழுதியிருக்கான்."

"சம்பத் இரும்பு உருட்டறான். நீங்களும் உருட்டப்போறேளா?"

சம்பத் என் தம்பி. அப்பாவின் தொழிலுக்கு வராமல் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் சேர்ந்தவன். பையனுக்குப் பன்னிரண்டு வயசு, பெயர் ஸ்ரீதர், பள்ளிக்கூடத்தில் அவனை வேறு என்னவோ கூப்பிடுகிறார்கள். இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவன், "நாம போறோமா? எனக்கு பேஸ்பால் டீம் செலக்ஷன் இருக்கு" என்றான். எனக்குக் கோபம் வந்தது. என் கோபத்தில் பாதி எப்போதும் இந்தப் பையன் பக்கம் போய்விடுகிறது. அவன் மேல் தப்பே இல்லை.

அந்த வாரம் அமாவாசை வந்தது. அப்பா போய் மூன்று வருஷமாகிறது. அதிலிருந்து இங்கே நானே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தெற்கு எது என்று பையனின் சாரணர் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, தாம்பாளத்தில் எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். தர்ப்பையைச் சம்பத் பார்சலில் அனுப்புவான். ஒரு தடவை சுங்க அலுவலகத்திலிருந்து வரச் சொல்லி ஆள் விட்டார்கள். இரண்டு அதிகாரிகள் அந்தப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைப் புகைப்பீர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை, விரலில் மாட்டிக்கொள்வோம்" என்றேன். அந்தப் பதில் அவர்கள் சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது. அன்று பிற்பகல் முழுவதும் அங்கேயே கழிந்தது.

இங்கே பெரிய நகரத்தில் ஒரு வாத்தியார் இருக்கிறார். பாரத தேசத்தில் இல்லாதபோது 'பரத கண்டே' என்று சொல்லக் கூடாது, இந்தக் கண்டத்துக்கு வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல் என்கிறார். அமாவாசையையும் இந்த ஊர் நேரப்படிதான் பார்க்க வேண்டுமாம். சம்பத் விடமாட்டேன் என்கிறான். அப்பா காரியம் முடிந்து நான் கிளம்பும்போது குளத்தங்கரையில் வைத்துச் சொன்னான்: "அண்ணா, அங்க போய் ஊரை கீரை மாத்திடாதே. அப்பா எந்த இடத்துல சொன்னாரோ அதையே சொல்லு. நம்ம பஞ்சாங்கம் அனுப்பறேன். அங்கத்து அமாவாசை அப்பாவுக்கு இன்னாத்துக்கு?" உருக்காலைப் பேச்சு அவன் நாக்கில் நன்றாக ஏறிவிட்டது.

நான் சம்பத் கட்சி. மூன்று வருஷமாகப் பனிக்கு நடுவில் உட்கார்ந்து 'பரத கண்டே' என்றுதான் சொல்லிவருகிறேன். அன்றும் அதைச் சொல்லி வாயை மூடியபோது தண்ணீர் விட்ட கை அப்படியே நின்றது. அப்பா சொன்ன மந்திரத்தை நான் இங்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதில் இருக்கும் 'இங்கே' எந்த ஊருடையது? எழுதிய இடத்துடையதா, படிக்கிற இடத்துடையதா? கார்வரின் விதிப்படி இந்த ஊருடையது. சம்பத்தின் விதிப்படி குளத்தங்கரையுடையது. வேலையை அனுப்பும்போதே அதன் ஊரையும் மூட்டை கட்டிக் கூடவே அனுப்பினால் தீர்ந்தது. கணிப்பொறியில் அதைச் செய்ய முடியும், கொஞ்சம் இடம்தான் அதிகம் பிடிக்கும். தர்ப்பணத்தை முடித்துவிட்டு, நெற்றியில் திருமண்ணோடேயே உட்கார்ந்து கார்வரின் விதிக்கு ஒரு மாற்று விதியை எழுத ஆரம்பித்தேன். பங்கஜம் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு அலுத்துப்போனாள்.

6

ரயில்காரர்கள் வந்தார்கள். "வீரா ஏதோ சொல்ல விரும்புகிறார்" என்று கார்வர் இனிமையாக ஆரம்பித்துவைத்தான். நான் எழுந்து தப்பு என்று சொல்லவில்லை. டெலிடைப் முன்னால் போய், கார்வர் எழுதிய பகுதியில் 'என்' என்ற எழுத்தை மட்டும் 'எம்' என்று மாற்றி ஓட்டிக் காட்டினேன். கடைசிப் பெட்டிக்கு எடை வந்துவிட்டது. மறுபடி 'என்' என்று மாற்றினேன். எடை போய்விட்டது.

"நான் எழுதியதில் கை வைக்கவே இல்லை. ஆனால் என் விடை மாறுகிறது. இனி தப்பு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றேன். குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, அவ்வளவு கோபம்.

கார்வர் வாயைத் திறப்பதற்குள் ரயில்காரர்களில் வயசானவர், கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், குறுக்கே பேசினார். "பொறுங்கள். நான் பெட்டிகள் நிற்கும் என் யார்டில் உட்கார்ந்து 'காலிப் பெட்டியை இந்த யார்டுக்கு அனுப்பு' என்று ஒரு உத்தரவு எழுதுகிறேன். அதை எட்டு மாகாணம் தள்ளி ஒருவன் படிக்கிறான். 'இந்த யார்டு' என்றால் அவன் நிற்கிற யார்டு என்று எடுத்துக்கொண்டால் என் பெட்டி என்ன ஆகும்?"

"திரும்பியே வராது" என்றேன்.

"அதைத்தான் உங்கள் இயந்திரம் செய்கிறதா?"

"அதைத்தான் செய்கிறது."

அவர் கார்வரைப் பார்த்தார். கார்வர் மூச்சுவிடும் நேரம்கூட எடுக்கவில்லை. "துல்லியமாகச் சொன்னீர்கள். இந்த விதியை மாற்றுவதைப் பற்றித்தான் எங்கள் குழு கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறது. வீராவை அதற்குத்தான் எழுந்து காட்டச் சொன்னேன்" என்றான். ஏழு வருஷத்தில் அவனிடம் நான் பார்த்த ஒரே நிஜமான திறமை அதுதான். பூனை எந்தப் பக்கம் விழுந்தாலும் காலில் நிற்கும்.

மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். என் மேல் இரக்கப்பட்டு இல்லை. மாற்றத்தைச் செய்து முடிக்க அவனுக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான். புதிய லிஸ்ப்புக்கான விளக்கப் புத்தகத்தை நான்தான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுதினேன். அட்டையில் அவன் பெயர் இருக்கிறது. என் பெயர் உள்ளே எங்கும் இல்லை, அப்பா பெயர்கூட இல்லை. பெயரில்லாத வேலையைப் பற்றி எழுதியவனுக்கும் பெயர் இல்லை என்று பங்கஜத்திடம் கத்தினேன். "அதான் கையெழுத்துக் கெடைச்சுடுத்தோல்லியோ, விடுங்கோ" என்றாள். நான் விடவில்லை, இன்னும் அவன் மேல் வெறுப்பாகத்தான் இருக்கிறது. அவன் இதைப் படிக்க மாட்டான், தமிழில் எழுதுவதில் அந்த ஒரு வசதி இருக்கிறது.

7

இந்த மாத அமாவாசை சனிக்கிழமை வந்தது. நான் தாம்பாளத்தின் முன் உட்கார்ந்ததும் ஸ்ரீதர் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வந்து தானும் உட்கார்ந்தான். பேஸ்பால் குழுவில் அவனை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அந்தத் தொப்பியோடேயே உட்கார்ந்தான். கழற்று என்றேன், கழற்றினான். நான் சங்கல்பம் சொல்லும்போது உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இப்போ நீ சொன்னதுல ஊர் எங்கே வந்தது?"

'பரத கண்டே' என்பதைத் திருப்பிச் சொல்லி அர்த்தம் சொன்னேன்.

"ஆனா நாம இங்கே இருக்கோம்."

"தாத்தா அங்கே இருந்தார். தாத்தா சொன்னபடி சொல்றேன்."

"ஓகே." திசைகாட்டியைத் தரையில் வைத்தான். "அப்பா, கார்வர் சைன் பண்ணிட்டார், நாம இனிமே இங்கேயேதானே?"

"ஆமாம்."

"அப்போ நீ போனப்புறம் நான்தானே உனக்கு இதப் பண்ணணும்? நான் எந்த ஊர் சொல்லணும்?"

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. பங்கஜம் திரும்பாமல் நின்றாள். அவன் கேலியாகக் கேட்கவில்லை. வீட்டுப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற முகம்தான்.

எனக்கு முதலில் கோபம் வந்தது, வழக்கம்போல. குளத்தங்கரையைச் சொல்லு, பரத கண்டத்தைச் சொல்லு என்று வாய் வரைக்கும் வந்தது. இவன் நினைவு தெரிந்து அந்தக் குளத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான், அதுவும் அப்பா காரியத்துக்குப் போனபோது, என் தலையை மழித்துவிட்டதைப் பார்த்து அழுதுகொண்டு. அந்தப் படிக்கட்டின் சேறு இவனுக்குத் தெரியாது, அந்த வெயில் தெரியாது. இவன் வாயில் அந்த ஊரைத் திணித்தால் அது எனக்கு வந்து சேருமா? லாரிக்காரர் 'அப்பா பேரைச் சொல்லிக்கோ' என்று சொன்ன மாதிரிதான் இருக்கும்.

இதே கேள்விக்கு, எழுதிய இடம்தான் கணக்கு என்று பதில் சொல்லித்தான் நான் ஒரு மாதம் சண்டை போட்டேன். அதற்காகத்தான் ரயில்காரர்கள் முன்னால் குரல் நடுங்க நின்றேன்.

"நீ எங்கே உட்கார்ந்திருக்கியோ, அந்த ஊரைச் சொல்லு" என்றேன்.

"அது உனக்கு வருமா?"

"வரும். நான் தேடிண்டு வந்துடறேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டு எள் கிண்ணத்தை என் பக்கமாக நகர்த்தினான். பங்கஜம் குழாயை மறுபடி திறந்தாள். நான் அப்பாவின் பெயரைக் குரலைத் தாழ்த்திச் சொல்லித் தண்ணீரை விட்டேன்.